கேபிள் நிறுவனங்கள் ஒன்றானால் போட்டி என்ன ஆகும்?

கேள்வி: அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரில் அபார்ட்மென்டில் இருக்கிறேன். வீட்டில் காக்ஸ் கேபிள் இன்டர்நெட். காக்ஸும் இன்னொரு பெரிய கேபிள் நிறுவனமான சார்ட்டரும் ஒன்றாகின்றன என்கிறார்கள். மற்ற இன்டர்நெட் நிறுவனங்கள் அடிபட்டுப் போகுமா? இப்போதே மாறிவிடட்டுமா?

பதில்: அதற்காக மட்டும் மாற வேண்டாம். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இந்தப் பேரத்தின் மதிப்பு 3,450 கோடி டாலர். தொகை பெரிதுதான். ஆனால் இரண்டு நிறுவனங்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஊர்களில் கேபிள் போட்டவை. உங்கள் தெருவில் ஒன்றோடொன்று போட்டி போட்டதில்லை. அதனால் உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய நிறுவனங்களின் எண்ணிக்கை இதனால் குறையப்போவதில்லை.

போட்டியாளர்களுக்கு அடி விழுவது வேறு பக்கம். சேனல்களை மொத்தமாக வாங்கும் பெரிய நிறுவனத்துக்கு விலை இறங்கும். மொபைல், டிவி, இன்டர்நெட் மூன்றையும் சேர்த்துத் தள்ளுபடி தர அதனால் முடியும். இன்டர்நெட் மட்டும் விற்கும் சின்ன நிறுவனம் அந்த விலைக்கு இறங்குவது கஷ்டம்.

சரி, அதே கேபிளில் போட்டியாளருக்கும் இடம் கொடுக்கச் சொல்லலாமே? ஒருமுறை அமெரிக்க அரசு அதிகாரிகள் சொன்னார்கள். இன்டர்நெட் நிறுவனமான ஏஓஎல், கேபிளும் வைத்திருந்த ஊடக நிறுவனமான டைம் வார்னர் இரண்டின் இணைப்புக்கு 2000 டிசம்பரில் அனுமதி கொடுத்தபோது, எர்த்லிங்க் போன்ற போட்டி இன்டர்நெட் நிறுவனங்களுக்கும் கேபிளைத் திறந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். எல்லாக் கேபிள் நிறுவனங்களுக்கும் அது பொது விதியாகவில்லை. 2005இல் பிராண்ட் எக்ஸ் வழக்கில் கேபிள் நிறுவனங்கள் தங்கள் கேபிளைப் போட்டியாளருக்குத் திறக்க வேண்டியதில்லை என்ற எஃப்சிசியின் (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) நிலைப்பாட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. அதனால் இன்று உங்களுக்கு உண்மையான போட்டியாளர் யாரென்றால், சொந்த ஃபைபரோ வயர்லெஸ் டவரோ வைத்திருப்பவர்தான்.

இணைப்புக்குப் போடும் நிபந்தனைகளை நம்பி இருக்கவும் முடியாது. 2016இல் ‘டைம் வார்னர் கேபிள்’ என்ற நிறுவனத்தை சார்ட்டர் வாங்கியபோது, ஏழு ஆண்டுகளுக்கு டேட்டா வரம்பு வைக்கக் கூடாது என்றது எஃப்சிசி. ஏற்கெனவே வேறு வேகமான சேவை உள்ள 10 லட்சம் வீடுகளுக்குப் போய்ப் போட்டி போட வேண்டும் என்றும் சொன்னது. சின்னக் கேபிள் நிறுவனங்கள் அதை எதிர்த்தன, பெரியவர் தங்கள் ஊருக்குள் நுழைந்தால் பிழைக்க முடியாதே என்று. மறு ஆண்டே அந்த நிபந்தனை போய்விட்டது. டேட்டா நிபந்தனையின் காலமும் 2023இல் முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எஃப்சிசியின் பிராட்பேண்ட் வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். நகரத்தில் ஃபைபர் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், உங்கள் கட்டடத்துக்கு வருகிறதா என்பதே முக்கியம். அப்புறம் அந்த நிறுவனத்திடமே விலை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

“இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் வர முடியாது, ஒப்பந்தம் இருக்கிறது” என்று மேனேஜர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். கேபிள் நிறுவனம் மட்டுமே நுழையலாம் என்ற ஒப்பந்தத்தை எஃப்சிசி தடை செய்திருக்கிறது. விளம்பரம் செய்ய ஒரு நிறுவனத்துக்குத் தனி உரிமை கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கட்டட உரிமையாளர் தானாகவே இன்னொரு நிறுவனத்தை மறுக்கலாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். பலர் கேட்டால்தான் ஃபைபர் நிறுவனத்துக்கும் கேபிள் இழுக்க ஆர்வம் வரும்.

வேறு ஃபைபர் கிடைத்தால் அந்த விலையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கேபிள் நிறுவனத்தை அழையுங்கள். அறிமுகத் தள்ளுபடி எந்த மாதம் முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாறுவதானால் அந்த மாதத்துக்கு முன் மாறுங்கள்.