ஒரே ஆளுக்குப் பூப் போடுகிறவர்

கேள்வி: திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சீட்டு முடிந்து 4 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. ஆப்பிள் பங்கு வாங்கலாம் என்பது என் எண்ணம். மச்சானோ, "கம்ப்யூட்டர் விக்கிறவனை விட உள்ளே இருக்கிற சிப்பைச் செய்றவனுக்குத்தான் காசு" என்கிறார். தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் இதே சண்டை. யார் சொல்வது சரி? மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

பதில்: மச்சானிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: எந்த சிப் கம்பெனி? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி வரத்து கொட்டுகிற நாளில் பார்த்திருப்பீர்கள். நாலு கடைக்குப் போடுகிற விவசாயி எப்படியோ சமாளித்துவிடுவார். சென்ட் ஃபேக்டரி ஒன்றையே நம்பியிருப்பவர், அவர்கள் சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். சிப் வியாபாரமும் அப்படித்தான்.

ஐபோனுக்கு கிராபிக்ஸ் தொழில்நுட்பம் கொடுத்துவந்த இமாஜினேஷன் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கு வருமானத்தில் பாதி ஆப்பிளிடமிருந்துதான் வந்தது. "இரண்டு வருடத்துக்குள் உங்கள் சரக்கை நிறுத்திவிடுவோம்" என்று ஆப்பிள் சொன்ன செய்தி 2017 ஏப்ரலில் வெளிவந்தது. ஒரே நாளில் இமாஜினேஷன் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டருக்கு 2006 முதல் சிப் கொடுத்த இன்டெலையும் 2020-இல் கழற்றிவிட ஆரம்பித்தார்கள். ஆனால் இன்டெலுக்கு ஆப்பிள் பல வாடிக்கையாளர்களில் ஒருவர்தான். இன்டெல் 2024-இல் டிவிடெண்டையே (பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிற லாபப் பங்கு) நிறுத்தும் நிலைக்கு வந்ததற்கு, சிப் தயாரிப்பில் பின்தங்கிப் போனது பெரிய காரணம்.

இன்றைக்கு ஆப்பிள் வடிவமைக்கிற சிப்பைச் செய்து கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி. சிப் வடிவமைக்கிற பெரிய கம்பெனிகளான என்விடியா, ஏஎம்டி, குவால்காம் எல்லாரும் அதே வாசலில்தான் நிற்கிறார்கள். மச்சான் இதைச் சொல்லியிருந்தால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் சீனா தைவானை உரிமை கொண்டாடுகிறது. ஆலைகளில் பெரும்பாலானவை அந்தத் தீவில் இருக்கின்றன. அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். உங்கள் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை: ஆப்பிளைக் கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைத்து வாங்காதீர்கள். வருமானத்தில் பாதி ஐபோன். மேக் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

சரி, உங்கள் 4 லட்சத்துக்கு வருவோம். இரண்டு பேர் சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வருடத்துக்குள் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய பணம் எந்தப் பங்கிலும் இருக்கக் கூடாது. மூன்றரை லட்சத்தை, மகள் கவுன்சலிங் போகிற நேரத்துக்கு முதிர்கிற மாதிரி பேங்க்கில் எஃப்டி போடுங்கள். மீதி 50 ஆயிரத்தில் ஆசை தீர வாங்கிப் பாருங்கள். முழுப் பங்கு கூட வேண்டாம், துண்டாகவும் கிடைக்கும். இவ்வளவு சின்னத் தொகையை டாலராக மாற்றி அனுப்புகிற செலவு உறுத்தும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரி. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், அதற்கு முன் விற்றால் உங்கள் வருமானத்தோடு சேர்த்து ஸ்லாப் படி. விற்காவிட்டாலும் வெளிநாட்டுப் பங்கை வருமான வரிக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும். சின்னக் கடைக்காரர்கள் நிறையப் பேர் தாக்கல் செய்கிற ஐடிஆர் 4 படிவத்தில் அது முடியாது. நீங்களும் அதைத்தான் போடுகிறீர்கள் என்றால், இனி ஐடிஆர் 3. வாங்குவதற்கு முன்னாலேயே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் போய் நின்றால் திட்டுவார்.