டைவிங் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

மகள் பவளப்பாறைப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகிறேன் என்கிறாள், கடலுக்கடியில் என்ன ஆகுமோ என்று தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சுறாவை விட்டுத் தள்ளுங்கள். நாலு நாள் படகில் சுற்றிக் காட்டிவிட்டு, கையில் ஒரு சான்றிதழைத் திணித்து அனுப்புகிறார்களே, எனக்கு அந்தப் பயிற்சிகளைப் பார்த்தால்தான் பயம்.

முதல் படி ஓபன் வாட்டர் என்கிற அடிப்படை டைவிங் சான்றிதழ். பேடி (PADI) என்கிற டைவிங் பயிற்சி அமைப்பின் முறைப்படி 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும், தேறினால் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, காது உபாதை எதையும் மறைக்க வேண்டாம், மறைத்தால் ஆபத்து அவளுக்குத்தான்.

ஆனால் இது வெறும் நுழைவுச்சீட்டு. உண்மையான வேலை அதற்கு அப்புறம். ரீஃப் செக் என்கிற பவளப்பாறைக் கணக்கெடுப்பு முறையில் 100 மீட்டர் நாடாவைப் பாறைமேல் விரித்து, நடுவில் இடைவெளி விட்டு 20 மீட்டர் வீதம் நாலு துண்டில், அரை மீட்டருக்கு ஒரு முறை நாடாவுக்கு நேர் கீழே இருப்பது உயிருள்ள பவளமா, செத்ததா, மணலா, பாசியா என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும், மொத்தம் 160 குறிப்பு. அதுவரை கையும் காலும் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். மூச்சை இழுத்தால் மேலே போவாள், விட்டால் இறங்குவாள், அந்த நிதானம் வராமல் காலில் மாட்டிய ஃபின் துடுப்பு ஒரு தட்டு தட்டினால் பல வருட வளர்ச்சி ஒடிந்து விழும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம்.

அதனால் நிறுவனத்திடம் கேளுங்கள்: கணக்கெடுப்புக்கென்று எத்தனை முறை இறங்குவார்கள், உயிரினங்களை அடையாளம் காணத் தேர்வு உண்டா, எடுத்த தரவு யாருக்குப் போகிறது? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்பதையும் விடாதீர்கள், ஆரம்பப் பயிற்சிக்கு 8 பேர் என்பதே உச்சவரம்பு. பவளம் நடும் படங்களை மட்டுமே காட்டுகிறவர்களிடம், நட்டதில் ஒரு வருடம் கழித்து எவ்வளவு பிழைத்தது என்று கேட்டுப் பாருங்கள், மழுப்பினால் வேறு இடம் பார்க்கலாம்.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். டைவிங் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு வேலை கிடைக்காது. கடல் உயிரியலோ சூழலியலோ பட்டம் வேண்டும், கூடவே புள்ளியியல். தண்ணீருக்குள் ஒரு மணி நேரம் என்றால் எக்செல் முன்னால் ஒரு நாள், அதுதான் இந்தத் தொழில். அதையும் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, அவள் போகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். திரும்பி வர விமான டிக்கெட்டை கடைசியாக முழுகும் நாளிலேயே போட்டுவிடாதீர்கள். பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும், உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளியேற அந்த இடைவெளி தேவை.