டோர்ட்டியா மாவு உதிர்கிறதா? பாக்கெட்டைப் பாருங்கள்

தப்பு உங்கள் கையில் இல்லை, மாவில். மஞ்சள் மக்காச்சோள மாவில் எவ்வளவு தண்ணீர் கூட்டினாலும் டோர்ட்டியா (மெக்சிகோவின் மெல்லிய மக்காச்சோள ரொட்டி) விளிம்பு வெடிக்கத்தான் செய்யும். அதற்கு வேண்டியது மாசா ஹரினா.

மெக்சிகோவில் மக்காச்சோளத்தை முழு மணியாகச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, கழுவி அரைப்பார்கள். அந்தச் சுண்ணாம்புதான் தோலைக் கரைத்து மாவுக்குப் பிசுபிசுப்பைத் தருகிறது. அரைத்ததைக் காயவைத்துப் பொடித்தால் மாசா ஹரினா. நம் கடைகளில் 'கார்ன்ஃப்ளவர்' என்று விற்கும் வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச். சூப்பைக் கெட்டியாக்கலாம், டோர்ட்டியாவுக்கு ஆகவே ஆகாது.

பாக்கெட்டின் பின்னால் சுண்ணாம்பு சேர்த்ததாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் 2 கப் மாவுக்கு ஒன்றரை கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு 20 நிமிடம் வையுங்கள். அப்புறம் எலுமிச்சை அளவு உருட்டிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓரம் பிளந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் தண்ணீர். விரலில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, சிறிது மாவு தூவுங்கள்.

சுண்ணாம்பு இல்லையென்றால், தயவுசெய்து வெற்றிலைச் சுண்ணாம்பை மாவில் கலக்க வேண்டாம். அரைத்த மாவில் அது பலிக்காது, வாயும் வெந்துவிடும். அதே மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, கொஞ்சம் கோதுமை மாவும் சேர்த்துக் கனமாகத் தட்டுங்கள். பஞ்சாபி மக்காச்சோள ரொட்டி மாதிரி வரும். நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே கறியோ காயோ வைத்து டாக்கோவாக மடித்தால் உடையும்.