கணையக் கல்லைக் கரைக்கப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் இருக்கிறோம். கணவருக்கு வயது 36, ரப்பர் பால் வெட்டும் வேலை. ஏழு வருஷமாக மேல்வயிற்றில் வேதனை, முதுகு வரை துளைக்கும். ‘கேஸ்’ என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று தடவை எண்டோஸ்கோப்பி எடுத்தும் ஒன்றுமில்லை என்றார்கள். 58 கிலோ இருந்தவர் இப்போது 46. மலத்தில் எண்ணெய் மிதக்கிறது. இரண்டு வருஷமாகச் சர்க்கரையும் வந்து இன்சுலின் போடுகிறார். போன மாதம் சி.டி. ஸ்கேனில் கணையத்தில் கல் என்று வந்தது. 10,000 என்று போட்ட கேப்சூல் ஒன்று, சாப்பிட்டு முடித்த பிறகு போடச் சொன்னார்கள். மாற்றம் தெரியவில்லை. குடிப்பழக்கம் கிடையாது, ஆனால் போகிற இடமெல்லாம் அதையே கேட்கிறார்கள். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்றதால் வந்தது என்கிறார் மாமியார். மூன்று மாதம் பொடி சாப்பிட்டால் கல் கரையும் என்று ஒருவர் 24,000 ரூபாய் கேட்கிறார். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கேன்சர் ஆகிவிடும், ஆஸ்பத்திரியை நான் பார்த்துத் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த 24,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கணையக் கல் என்பது, செரிமான நீரும் இன்சுலினும் சுரக்கும் கணையத்தின் குழாயில் புரதக் கசடின் மேல் சுண்ணாம்பு படிந்து இறுகியது. அதைக் கரைக்கும் என்று நிரூபணமான வாய்வழி மருந்து எந்த வைத்திய முறையிலும் கிடையாது. சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடித்து இறங்கியது என்று யாராவது சொன்னால், அது வேறு கல், வேறு குழாய். நம் கன்னியாகுமரி மாவட்டம் வைத்தியத்துக்குப் பேர்போனது. படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்களைக் குறித்து நான் பேசவில்லை. தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் உள்ளே இருப்பது என்னவென்ற விவரமும் இல்லாத பொட்டலத்தைக் குறித்துப் பேசுகிறேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பத்து நாள் வேதனை தணியும், பசி எடுக்கும், ‘கரைகிறது’ என்று நம்புவீர்கள். அதற்குள் சர்க்கரை 400-க்குப் போய் நிற்கும்.

ஏழு வருஷம் ஏன் பிடிபடவில்லை? எண்டோஸ்கோப்பிக் குழாய் இரைப்பை, அதை ஒட்டிய குடல் இவற்றின் உட்புறத்தைத்தான் பார்க்கும். கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அதனால்தான் வேதனை முதுகுக்குப் போகிறது, முன்னால் குனிந்தால் கொஞ்சம் விடுகிறது. வீட்டின் முன்னறையை மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டு அடுக்களையில் தீ இல்லை என்று சொன்ன கதைதான் இது. சாதாரண வயிற்று ஸ்கேனிலும் குடலில் காற்று நிறைந்திருந்தால் கணையம் மறைந்துவிடும். ‘கணையம் சரியாகத் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கும், அதை யாரும் வாசித்துச் சொல்வதில்லை. பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பாருங்கள், அந்த வரி கிடைக்கலாம். கணையம் திடீரென்று வீங்கினால் கூடும் அமைலேஸ் என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை நார்மல் என்பதை வைத்தும் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். நாள்பட்ட நோயில் அது பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். வேதனையும் மெலிவும் எண்ணெய் மலமும் சர்க்கரையும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் கணையத்தை நினைக்க வேண்டும். இது மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் இருக்கிறது. ‘கேஸ்’ என்பது நோயின் பெயரே அல்ல. அதை எழுதி ஏழு வருஷம் மாத்திரை கொடுத்ததைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

குடிக்கிறாரா என்று ஒருமுறை கேட்பது சரி, கேட்க வேண்டிய கேள்விதான். இல்லை என்று சொன்ன பிறகும் சீட்டில் குடியால் வந்தது என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். குடிக்காத இளவயதினருக்குப் பெரிய பெரிய கற்களோடும் சர்க்கரையோடும் வரும் கணைய அழற்சி உலகுக்குத் தெரிந்ததுதான். 1959-இல் இந்தோனேசியாவில் சூய்டமா என்ற மருத்துவர் இதை விவரித்தார். பிறகு கேரளத்தில் கீவர்கீஸ் என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கண்டு எழுதினார். கேரள எல்லையில் உள்ள பாறசாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நோய் இந்தப் பக்கம் வராது என்பதில்லை.

இனி மாமியார் சொன்ன மரச்சீனி. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், 1880-களில், திருவிதாங்கூரில் பரவிய கிழங்கு அது. 1956 வரை நாமும் அந்தப் பக்கத்தோடுதான் இருந்தோம். கிழங்கு தின்னும் ஊர்களில் இந்த நோய் கூடுதலாகத் தெரிந்ததால், அதிலுள்ள சயனைடுதான் காரணம் என்று பல காலம் நம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. மரச்சீனி தொடாத ஊர்களிலும் நோய் இருக்கிறது. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள பலரிடம் இது வருவது தெரிந்திருக்கிறது. ஆகவே மாமியாரும் குற்றவாளி இல்லை, நீங்கள் சமைத்ததும் குற்றமில்லை. வழக்கம்போல முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். சர்க்கரை இருப்பதால் கிழங்கைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்து, சாளை மீன் கறியைக் கூட்டிக் கொடுங்கள். அவருக்கு இப்போது வேண்டியது புரதம், நாளைக்கு 50 முதல் 70 கிராம் வரை. மீன், முட்டை, பயறு எல்லாம் ஆகும். ‘எண்ணெய் தொடக்கூடாது, தேங்காய் தொடக்கூடாது’ என்று விரட்டுவதை நிறுத்துங்கள். 46 கிலோ ஆளைப் பத்தியம் போட்டு இன்னும் மெலிய வைப்பது வைத்தியம் அல்ல. மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்தாறு சிறிய சாப்பாடாகப் பிரியுங்கள். பீடி இருந்தால் இன்றோடு விட வேண்டும். குடி இல்லாவிட்டாலும் புகை தனியாகவே கணையத்தை அழிக்கும்.

கேப்சூலுக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்ற நொதி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகுதான் மலத்தில் எண்ணெய் மிதக்கும். அந்த நொதியை வெளியிலிருந்து தருவதுதான் இந்தக் கேப்சூல், ஆனால் அப்படி இறங்கியவருக்கு 10,000 யூனிட் காணாது. ஒவ்வொரு முக்கியச் சாப்பாட்டுக்கும் 40,000 முதல் 50,000 யூனிட் என்று தொடங்குவதுதான் முறை. சாயங்காலம் டீயோடு ரசவடை தின்றால் அதற்கும் அதில் பாதி. 25,000 கேப்சூல் என்றால் மூன்று வேளைக்கும் இரண்டிரண்டு, இடைத்தீனி இரண்டுக்கு ஒவ்வொன்று, ஆக எட்டு. டாக்டரிடம் இந்தக் கணக்கையே சொல்லிக் கேளுங்கள்.

போடும் நேரமும் தவறு. சாப்பாடு இறங்கிப் போன பிறகு போட்டால் மருந்து அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். முதல் உருண்டைச் சோற்றோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. கடிக்கக் கூடாது. கொதிக்கிற டீயோடு விழுங்கக் கூடாது. ஓட்டு வீட்டில் அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைக்கக் கூடாது, சூட்டில் நொதி செத்துவிடும். பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கும் மருந்து இது. மத வழக்கப்படி தயக்கம் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை.

மருந்துக் கடையில் ‘செரிமானத்துக்குத்தானே’ என்று சிரப்பையோ சின்ன மாத்திரையையோ மாற்றித் தந்தால் வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் மாவையும் புரதத்தையும் செரிக்கும் டயஸ்டேஸும் பெப்சினும்தான் இருக்கும், கொழுப்புக்கு அவை உதவாது. அட்டையில் ‘லைபேஸ் இத்தனை யூனிட்’ என்று போட்டிருக்க வேண்டும். விலையை அட்டைக்கு அட்டை ஒப்பிடாமல் பத்தாயிரம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மலத்தில் எண்ணெய் நின்று, கோப்பையில் ஒட்டாமல் ஒரு தண்ணீரில் போக வேண்டும். போகவில்லை என்றால், இரைப்பையின் அமிலம் நொதியைக் கெடுக்கிறதா என்று பார்க்க அமிலம் குறைக்கும் மாத்திரையைக் கூடச் சேர்ப்பார்கள். ஏழு வருஷம் காரணமில்லாமல் விழுங்கிய அதே மாத்திரைக்கு இங்கேதான் உண்மையான வேலை.

கேப்சூல் சரியாக வேலை செய்தால் சோறு உடம்பில் சேரும், சர்க்கரையும் ஏறும். அப்போது இன்சுலின் அளவைத் திருத்த வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆனால் உங்கள் கணவரின் வேலையை நினைத்தால் எனக்குப் பயம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. சாதாரணச் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினால் அதை ஏற்றிவிடக் கணையத்திலேயே குளுக்ககான் என்று ஒன்று சுரக்கும். இவருக்கு அதுவும் குறைவு. திடீரென்று இறங்கும், தானாக ஏறாது. விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, வெறும் வயிற்றில், சரிவில் மரத்துக்கு மரம் நடக்கிறவர். அந்தக் குளிரில் உடம்பு வேர்த்தால் அது வேலை வேர்வை இல்லை. கத்தி பட்டையில் நேராக ஓடாமல் கை நடுங்கினாலும் அதே அறிகுறி. உடனே உட்கார்ந்து மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. சீனிப் பொட்டலமும் தண்ணீரும் சட்டைப்பையிலும் இடுப்பிலும் இருக்க வேண்டும், வண்டியில் வைத்தால் பிரயோசனமில்லை. சாப்பிடாமல் காலை ஊசி போட்டுவிட்டு வெட்டுக்குப் போகவே கூடாது. டாக்டரிடம் ‘நாலு மணிக்கு எழுவார், ஒன்பது மணிக்குத்தான் சாப்பிடுவார்’ என்று நேரத்தோடு சொன்னால்தான் ஊசியை அதற்கேற்ப மாற்றித் தருவார். யாரும் தானாகக் கேட்க மாட்டார்கள்.

ஆபரேஷன் விஷயம். கல் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் வெட்டக் கூடாது. வேதனை இல்லாமல் கல் மட்டும் இருந்தால் அதை விட்டுவிடலாம், கேப்சூலும் சர்க்கரைக் கவனிப்பும் போதும். கல்லை எடுத்தாலும் போன செரிமானமும் சர்க்கரையும் திரும்பி வராது. சிகிச்சை வேதனைக்குத்தான். கணையத் தலைப்பகுதியில் பிரதானக் குழாயைக் கல் அடைத்து, பின்பகுதி வீங்கியிருந்தால், வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைத்து எண்டோஸ்கோப்பி வழியாகக் குழாயைச் சுத்தம் செய்வது ஒரு வழி. கணையக் குழாயை நீளமாகத் திறந்து குடலோடு தைப்பது மற்றொன்று.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். ‘ஆபரேஷன் வேண்டாம்’ என்பதைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் வேதனையைத் தாங்குவதும் தவறு. அடிக்கடி வேதனை வந்து, டிரமடால் போன்ற கடும் வலி மாத்திரை இல்லாமல் தூங்க முடியாத நிலை வந்தால், தள்ளிப்போடக் கூடாது. நெதர்லாந்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், குழாய் அடைத்து வேதனைப்படுகிறவர்களுக்குச் சீக்கிரமே அறுவை செய்தபோது, படிப்படியாக மற்ற வழிகளை முயன்று, தேவைப்பட்டால் மட்டும் கடைசியில் அறுவைக்குப் போவது என்று வைக்கப்பட்டவர்களைவிட வேதனை குறைவாக இருந்தது. வலி மாத்திரைக்கு உடம்பு பழகி, நரம்புகளே வலியைக் கற்றுக்கொண்ட பிறகு குழாயைத் திறந்தால் அத்தனை பலன் இல்லை. ஆகவே இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: என்றைக்கு வேதனை வந்தது, எத்தனை மணி நேரம் நின்றது, எந்த மாத்திரை எத்தனை, அன்று வேலைக்குப் போனாரா. இரண்டு மாதக் குறிப்போடு போனால் சர்ஜன் முடிவெடுப்பார். ஆள் பிடிக்கிறவர் முடிவெடுக்க வேண்டியதில்லை.

கேன்சர் பயம் வெறும் பொய் இல்லை. இந்த நோயுள்ளவர்களுக்கு அதன் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனால் ஆபரேஷன் செய்தால் வராது என்பது பொய். கண் மஞ்சளித்தாலோ, கேப்சூல் சரியாகப் போட்டும் எடை திடீரென்று இறங்கினாலோ, வேதனையின் சுபாவம் மாறினாலோ அந்த வாரமே காட்டுங்கள்.

எங்கே போவது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். ஸ்கேனின் ஒரு பக்கத் தாள் காணாது, படங்கள் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வையுங்கள். அது இருந்தும் ‘எங்கள் சென்டரில்தான் புதிதாக எடுக்க வேண்டும்’ என்றால், ஏன் என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. ‘இன்சூரன்ஸை நான் பாஸ் பண்ணித் தருகிறேன்’ என்று கமிஷன் கேட்கிறவருக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. திருவனந்தபுரத்துக்கோ வேறு தனியார் இடத்துக்கோ போவதானால், அட்டை அங்கே இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று அட்மிஷன் போடுவதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி அட்மிட் ஆனால், பில் வரும் நாளில் கூட்டிக்கொண்டு போனவர் போனை எடுக்க மாட்டார்.