கருப் பரிசோதனையில் 'யூப்ளாய்டு' என்று வந்தால் என்ன பொருள்?

கேள்வி: ஐவிஎஃப் சிகிச்சையில் உருவான எங்கள் கருவுக்குப் பிஜிடி-ஏ (குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். 'யூப்ளாய்டு' என்று முடிவு வந்திருக்கிறது. குழந்தைக்கு எந்தக் குறையும் இருக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நல்ல முடிவு இது. அந்தக் கருவைத் தயங்காமல் கருப்பைக்குள் வைக்கலாம். ஆனால் அந்தச் சொல் குரோமோசோம்களின் எண்ணிக்கையை மட்டும்தான் சொல்கிறது.

மனிதர்களுக்கு ஒரு தொகுதிக்கு 23 குரோமோசோம்கள். தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி, ஆக 46. தொகுதிகள் கூடாமல் குறையாமல் முழுதாக இருந்தால் யூப்ளாய்டு. 21ஆம் குரோமோசோம் மட்டும் ஒன்று கூடி 47 ஆகிவிட்டால் அனூப்ளாய்டு. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

இந்த வரையறைப்படி, மூன்று முழுத் தொகுதிகள் சேர்ந்த 69 கூட யூப்ளாய்டுதான். ரொட்டிக் கோதுமை ஏழேழாக ஆறு தொகுதிகள், 42 குரோமோசோம்களோடு நன்றாகவே விளைகிறது. மனிதக் கரு அப்படித் தாங்காது. 69 இருந்தால் பெரும்பாலும் கருச்சிதைவுதான். உங்கள் அறிக்கை சொல்வது 46ஐ. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பரவலாக உள்ள முறை, ஒரு குரோமோசோமின் அளவை மற்றவற்றோடு ஒப்பிட்டுத்தான் கணிக்கிறது. எல்லாமே மும்மூன்றாக இருந்தால் விகிதம் மாறாது, பிழையும் தெரியாது. மூன்று எக்ஸ் குரோமோசோம்கள் உள்ள 69 இப்படித்தான் தப்பிவிடும். ஆகவே, முட்டையும் விந்தணுவும் சேர்ந்த 16 முதல் 18 மணி நேரத்தில் பார்த்தபோது இரண்டு உட்கருக்கள் (தாயின் தொகுதி ஒன்று, தந்தையின் தொகுதி ஒன்று) மட்டும் தெரிந்தனவா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். மூன்று தெரிந்த கருவை வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை.

சோதனைக்கு எடுப்பது, பின்னாளில் நச்சுக்கொடியாகும் வெளியடுக்கிலிருந்து ஐந்து முதல் பத்து செல்கள். குழந்தையாக வளரும் உட்பகுதியைத் தொடுவதில்லை. இரண்டும் எப்போதும் ஒத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

தலசீமியா என்ற ரத்த நோய் போன்ற ஒற்றை மரபணு நோய்களை இந்தச் சோதனை காட்டாது. குடும்பத்தில் இருந்தால், அந்த மரபணுவைப் பார்க்கும் பிஜிடி-எம் சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும். மிகச் சிறிய குரோமோசோம் துண்டு விடுபட்டிருந்தாலும் தெரியாமல் போகலாம். யூப்ளாய்டு கருக்களிலும் கணிசமானவை கருப்பையில் ஒட்டுவதில்லை.

கருத்தரித்த பின் வழக்கமான ஸ்கேன்களை விட்டுவிடாதீர்கள். பத்து வாரம் ஆனதும் தாயின் ரத்தத்தை வைத்துக் குழந்தையின் குரோமோசோம்களைக் கணிக்கும் என்ஐபிடி சோதனை செய்யலாம். அதில் சந்தேகம் வந்தால், 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்ப்பதுதான் உறுதி செய்யும் சோதனை.