அடியில் ஜெயின் என்று எழுதிய கிளாஸ்

கேள்வி: தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடிக்கப்போகிறார்கள் என்று வீட்டைக் காலிசெய்தோம். சாமி மேடைக்குப் பின்னால் பாட்டியின் இரண்டு கிளாஸ் கிடைத்தன. வெயிலில் பிடித்தால் தங்கநிறத்தோடு ஊதாவும் பச்சையும் மின்னுகின்றன. அடியில் ஆங்கில எழுத்தில் ஜெயின் என்றிருக்கிறது. பாட்டி இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் கொண்டுவந்தது என்கிறார் அம்மா. பழைய சாமான் வாங்குகிறவர் இரண்டுக்கும் 80 வெள்ளி தருகிறாராம். எனக்கோ இதே தொழிற்சாலையின் சாமான்களைத் தேடிச் சேர்க்க ஆசை. என்ன செய்யட்டும்?
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: கொடுத்துவிடாதீர்கள், சகோதரி. 80 வெள்ளி குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கிளாஸ் யார் பெட்டியில், எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்ல உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். வாங்கிப்போகிறவரிடம் அந்தக் கதை போகாது.

அவை வட இந்தியாவில், வளையலுக்குப் பேர்போன பிரோசாபாத்தில் செய்தவை. சேட் சதாமி லால் ஜெயின் 1928-ல் அங்கே தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலையின் பெயர்தான் அடியில் இருப்பது. 1980களில் அதை மூடிவிட்டார்கள். இனி இருப்பதைத் தேடுவதுதான். சேகரிப்பவர்கள் இந்த வகையைக் கார்னிவல் கண்ணாடி என்பார்கள். அமெரிக்காவில் ஃபென்டன் நிறுவனம் 1907-ல் இதைச் செய்யத் தொடங்கியது.

முதலில் ஓர் எச்சரிக்கை. அந்த மினுமினுப்பு கண்ணாடிக்குள் இல்லை. கண்ணாடி சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். இரும்பு உப்பு அந்த ஆரஞ்சுத் தங்கநிறத்தைத் தரும். எல்லாமே மெல்லிய மேற்படலம். குத்துவிளக்குக்குப் போடும் புளி, சாம்பல், பானை தேய்க்கும் இரும்பு நார் எதுவும் கிட்டே போகக்கூடாது. என் அத்தை ஒரு தீபாவளிக்கு வீட்டுச் சாமானெல்லாம் விளக்கியபோது இப்படியொரு கிளாஸையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். மறுநாள் அது வெறும் வெள்ளைக் கிளாஸ். இன்றும் நினைத்தால் மனசு வலிக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவு போதும். கொதிக்கும் தேநீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும். அதில் யாரும் குடிக்கவே வேண்டாம் என்பேன்.

இனித் தேடல். கடைக்குப் போகுமுன் லயத்து ஆட்களைப் பிடியுங்கள். உங்களோடு இருந்தவர்கள் இன்று ஏதோ ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), மாடி வீட்டில் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் பூவைச் சுமந்துகொண்டு ஒரு ஜாடி நிற்கலாம். ஒரு கை பூச்சாடியைத் தூக்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தால் உட்கார்ந்து நன்றாகப் பாருங்கள். சிலவற்றில் மணிக்கட்டில் கடிகாரம்கூட இருக்கும்! மீன் வடிவச் சாடியும் யானை போட்டதும் உண்டு. எழுத்து இல்லாதவையும் இருப்பதால் எழுத்தை மட்டும் நம்பித் தேடாதீர்கள். கோலத்தையும் அச்சுக்கோட்டையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

குமிழி, கோணல் விளிம்பு, ஒருபக்கம் தடித்த கண்ணாடி இதெல்லாம் குறையில்லை. மலிவான அன்றாடச் சாமானாகச் செய்ததால் அப்படித்தான் வரும். ஆனால் விளிம்பை விரலால் தடவும்போது சொரசொரவென்று மங்கலாக இருந்தால் உடைந்த வாயைத் தேய்த்துச் சரிசெய்திருப்பார்கள். உங்கள் ஜோடியை அளவுகோலாக வைத்து உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்றிரவே அம்மாவோடு உட்காருங்கள். பாட்டியின் பழைய பாஸ்போர்ட், சிவப்பு அடையாள அட்டை இருந்தால் எடுங்கள். ரஜூலா 1973 வரைதான் ஓடியது. பயண வருடம் தெரிந்தால் கிளாஸின் வயதும் பிடிபடும். எந்தச் சந்தையில், யாரோடு போய் வாங்கினார் என்று கேட்டு எழுதி, தாளை மடித்துக் கிளாஸுக்குள்ளேயே வையுங்கள். எனக்கும் எழுதுங்கள், பாட்டியின் ஊர் எதுவென்று.