வண்டி போனால் கடனும் போகுமா?

கேள்வி: மூன்று தவணை தவறியதால், நிதி நிறுவனத்தார் என் காரை எடுத்துச் சென்றுவிட்டார்கள். இனி நான் கட்ட வேண்டியது எதுவும் இல்லைதானே?

பதில்: பெரும்பாலும் அப்படி இல்லை. வண்டியை ஏலத்தில் விற்று வரும் தொகையை அசல், வட்டி, இழுத்துச் சென்ற கூலி, நிறுத்திவைத்த வாடகை ஆகியவற்றுக்கு ஈடுகட்டிய பிறகும் பாக்கி நின்றால், அதை உங்களிடமே கேட்பார்கள். ஏல விலையோ சந்தை விலையைத் தொடுவது அரிது. ஆகவே, வண்டியை மீட்க எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை ஏலத்துக்கு முன்பே எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் தரப்படும் வாக்குறுதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பின்னிருக்கையில் விட்ட குடையும் மூக்குக் கண்ணாடியும் கடனுக்கு ஈடு வைத்தவை அல்ல என்பதால், அவற்றைப் பட்டியலிட்டுத் திரும்பக் கேளுங்கள். விற்பனைக்குப் பின், எவ்வளவுக்கு விற்றது என்ற கணக்கு விவரம் கைக்கு வராமல் பாக்கிக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டாம்.